ஒரே நோய், ஊருக்கு ஊர் வேறு கணக்கு



நவம்பர் மாதம் இறந்த நம் உறவுகளை நினைவுகூரும் மாதம். கல்லறைத் திருநாளன்று பெயர்களை வாசிப்பதற்காக, பங்கின் இறந்தோர் பதிவேட்டை ஆண்டுதோறும் புரட்டுகிறோம். 2021ஆம் ஆண்டு மே, ஜூன் மாதப் பக்கங்களுக்கு வரும்போது கை தானாகவே நின்றுவிடுகிறது. சாதாரண நாள்களில் மூன்று நான்கு மாதங்களின் பெயர்கள் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். அந்த இரு மாதங்களுக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

அந்நாள்களில் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு தாய் நம்மிடம் கேட்டார்: "சாமி, பக்கத்து ஊர்லயும் இதே காய்ச்சல்தானே வந்துச்சு? எங்க தெருவுல மட்டும் ஏன் சாமி இத்தனை சாவு?"

அன்று நம்மிடம் பதில் இல்லை. அவரோடு சேர்ந்து செபித்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அது அந்தத் தாயின் கேள்வி மட்டுமல்ல. ஒரே கொள்ளைநோய் ஒரு நாட்டில் ஏன் பெருவெள்ளமாகவும் இன்னொரு நாட்டில் சிறு ஓடையாகவும் பாய்ந்தது என்று உலகமெங்கும் அறிஞர்கள் கேட்டுவரும் கேள்வியும் இதுதான். இந்த நினைவு மாதத்தில் அதைச் சற்று ஆழமாகச் சிந்திப்போம்.

இரண்டு தீவுகளின் கதை

நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு நிகழ்விலிருந்து தொடங்குவோம். 1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுயன்சா காய்ச்சல் உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேரைக் கொன்றது என்பது வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. பசிபிக் பெருங்கடலில் சமோவா என்ற தீவுக்கூட்டம் உண்டு. மக்கள் ஓரினம், பேசும் மொழி ஒன்று, உறவுமுறையும் ஒன்று. ஆனால் அன்று அதன் மேற்குப் பகுதி நியூசிலாந்தின் ஆட்சியிலும், கிழக்குப் பகுதி அமெரிக்கக் கடற்படையின் ஆட்சியிலும் இருந்தன.

1918 நவம்பர் 7ஆம் நாள், நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட 'தலூன்' என்ற கப்பல் மேற்குச் சமோவாவின் அப்பியா துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தனர். ஆயினும் கப்பலைத் தடுத்து நிறுத்தாமல் பயணிகளைக் கரையிறங்க விட்டுவிட்டார்கள். அடுத்த இரண்டு மாதங்களில் ஏறக்குறைய 8,500 பேர் மடிந்தார்கள். மொத்த மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்!

கிழக்குச் சமோவாவின் ஆளுநராக இருந்தவர் ஜான் பாய்ர் என்ற கடற்படை அதிகாரி. வானொலிச் செய்திகள் வழியாகக் காய்ச்சல் பரவுவதை அறிந்ததும் அவர் கப்பல்களைத் தனிமைப்படுத்தினார். ஊர்மக்களும் கடற்கரையில் காவல் இருந்து, அயல் படகுகள் கரையேறாதபடி பார்த்துக்கொண்டார்கள். அங்கே இக்காய்ச்சலால் ஒருவர்கூட இறக்கவில்லை.

இடையில் இருந்தது சில மணி நேரக் கடற்பயணத் தூரம் மட்டுமே. கடலும் காற்றும் ஒன்று, நோயும் ஒன்று. வேறுபட்டது ஒரு முடிவு. 2002ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டபோது, இந்தப் பிழையையும் சொல்லித்தான் கேட்டார். நோய் வந்ததற்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. தடுத்திருக்கக் கூடியதைத் தடுக்காமல் விட்டதற்கே மன்னிப்புக் கேட்கப்படுகிறது.

அண்டை மாநிலங்கள் இரண்டு

இப்போது நாம் கண்ணாரக் கண்ட கொரோனாவுக்கு வருவோம். ஐரோப்பாவில் முதலில் பெரும் அடி வாங்கிய நாடு இத்தாலி. ஆனால் இத்தாலி முழுவதும் ஒரே மாதிரி அடிபடவில்லை. அந்நாட்டு மக்களில் ஆறில் ஒரு பங்கினரே வாழும் லொம்பார்தி மாநிலத்தில், 2020ஆம் ஆண்டு வசந்த கால மாதங்களில் நாட்டின் மொத்தக் கொரோனா இறப்புகளில் பாதியளவு நிகழ்ந்தன. அதன் பெர்கமோ நகரிலிருந்து இராணுவ வாகனங்கள் சவப்பெட்டிகளை ஏற்றிச் சென்ற காட்சியை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஒரு மறைமாவட்டத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட குருக்கள் உயிரிழந்தார்கள்.

பக்கத்து மாநிலமான வெனெத்தோவிலும் நோய் அதே வாரத்தில்தான் வெளிப்பட்டது. இத்தாலியின் முதல் கொரோனா இறப்பு, 2020 பிப்ரவரி 21 அன்று, வெனெத்தோவின் வோ என்ற சிற்றூரைச் சேர்ந்த ஒருவருடையது. உடனே அந்த ஊரை மூடி, ஏறத்தாழ மூவாயிரத்து இருநூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் பெரும்பாலோருக்கும் பரிசோதனை செய்தார்கள். தொற்று உறுதியானவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியுமே இல்லை என்பது அப்போது தெரியவந்தது. அறிகுறி இல்லாதவர்களையும் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தியதால் அவ்வூரில் நோய் அடங்கியது. மாநிலம் முழுவதும் பரிசோதனை பரவலாக்கப்பட்டது; கூடுமானவரை நோயாளிகளை வீட்டில் வைத்தே கவனித்தார்கள்.

லொம்பார்தியில் புகழ்பெற்ற பெரிய மருத்துவமனைகள் உண்டு. ஆனால் ஊர்ப்புற நலவாழ்வுப் பணிகள் மெலிந்திருந்தன. காய்ச்சல்காரர்கள் நேராகப் பெரிய மருத்துவமனைகளுக்குப் போக, மருத்துவமனைகளே நோய் பரவும் இடங்களாயின. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்னரே அங்கு அது வேரூன்றியிருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும், பெரிய மருத்துவமனை மட்டும் ஒரு மக்களைக் காப்பாற்றாது, வீட்டுக் கதவைத் தட்டி விசாரிக்கும் செவிலியரும் வேண்டும் என்ற பாடத்தை இந்த இரு மாநிலங்களும் நமக்குச் சொல்கின்றன.

இதைப் படித்துவிட்டு வெனெத்தோவை மட்டும் பாராட்டி நின்றுவிடவும் கூடாது. அதே 2020இன் இறுதியில் வந்த இரண்டாம் அலையில் வெனெத்தோ கடுமையாக அடிபட்டது. முதல் அலையில் தப்பியவர்கள் எப்போதும் தப்புவார்கள் என்ற உறுதி எந்த ஊருக்கும் இல்லை.

முதுமை மட்டுமே காரணமா?

"அங்கே வயதானவர்கள் அதிகம், அதனால்தான் இறப்பு அதிகம்" என்று அந்நாள்களில் பலரும் சொன்னோம். அதில் உண்மை உண்டு. கொரோனா முதியோரையே அதிகம் கொன்றது. ஆனால் அது பாதி உண்மைதான். மூன்று நாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் மீதிப் பாதி புரியும்.

உலகிலேயே முதியோர் விகிதம் மிகுந்த நாடுகளில் ஒன்று ஜப்பான். அவ்வகையில் இத்தாலியையே மிஞ்சிய நாடு. தென் அமெரிக்காவின் பெரு நாடோ இளைஞர்கள் நிறைந்தது. முதுமைதான் முழுக் காரணம் என்றால் ஜப்பான் அதிகம் இழந்திருக்க வேண்டும். பெரு குறைவாக இழந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 2023ஆம் ஆண்டு நடுப்பகுதி வரையிலான அரசுக் கணக்குகளின்படி, இலட்சம் மக்களுக்கு ஜப்பானில் ஏறத்தாழ 60 பேரும், இத்தாலியில் 300க்கும் மேற்பட்டோரும், பெருவில் 600க்கும் மேற்பட்டோரும் கொரோனாவால் இறந்திருந்தார்கள்.

ஜப்பானில் முகக்கவசம் முன்பே மக்களின் பழக்கமாக இருந்தது. அடைத்த இடம், கூட்டமான இடம், நெருங்கிப் பேசும் சூழல் ஆகிய மூன்றையும் தவிர்க்கும்படி 2020 மார்ச் மாதத்திலேயே மக்களுக்கு எளிய மொழியில் சொல்லப்பட்டது. 1961 முதல் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் பெரிதாகப் பரவுவதைத் தடுப்பூசி வந்து சேரும்வரை தள்ளிப்போட முடிந்தது. ஜப்பானில் நேர்ந்த இறப்புகளில் பெரும்பகுதி 2022 தொடங்கிய பின்னரே நிகழ்ந்தது. தள்ளிப்போடுவதும் உயிர் காப்பதுதான்.

பெருவின் பாடம்

பெருவைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் அங்கே அரசு தூங்கிக்கொண்டிருக்கவில்லை. தொற்று உறுதியானவர்கள் நூறு பேர்கூட இல்லாதபோதே, 2020 மார்ச் 16 அன்று, அந்நாடு ஊரடங்கைத் தொடங்கிவிட்டது. தென் அமெரிக்காவில் மிக முந்திக்கொண்ட, மிகக் கண்டிப்பான ஊரடங்குகளுள் அதுவும் ஒன்று. பிறகு ஏன் அவ்வளவு பெரிய அழிவு?

"வீட்டிலேயே இருங்கள்" என்ற கட்டளை, வீட்டில் இருந்தாலும் சோறு கிடைக்கும் என்பவர்களுக்கே பொருந்தும். பெருவில் உழைப்போரில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் நிரந்தரச் சம்பளமோ விடுப்போ இல்லாத அன்றாடக் கூலிகள், தெருவோர வியாபாரிகள். நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரு வாரத்துக்கான காய்கறியையும் மீனையும் வாங்கி வைக்க வழியில்லாதவர் அடிக்கடி சந்தைக்குப் போகத்தானே வேண்டும்? சந்தைகள் நோயின் கூடங்களாயின. அரசு கொடுத்த உதவித்தொகையை வாங்க, வங்கிக் கணக்கு இல்லாத மக்கள் வங்கி வாசல்களில் நீண்ட வரிசையில் நின்றார்கள். உதவி வாங்கப் போன இடத்திலும் நோய் தொற்றியது.

அடுத்து ஆக்சிஜன். மூச்சுத்திணறியவர்களின் பிள்ளைகள் வெற்றுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு இரவெல்லாம் வரிசையில் கிடந்தார்கள். விலை பன்மடங்கு ஏறியது. ஆற்று வழியாகவோ விமானத்திலோ மட்டுமே போகக்கூடிய அமேசான் காட்டு நகரமான இக்கித்தோஸில், மருத்துவரும் குருவுமான ஒருவர் 2020 மே மாதத்தில் மக்களிடம் கையேந்தினார். சில நாள்களிலேயே ஓர் ஆக்சிஜன் ஆலை வாங்கப் போதுமான பணம் சேர்ந்தது. பிறகு பெரு ஆயர் பேரவை, ஒரு பல்கலைக்கழகத்தோடும் தொழில் அதிபர்கள் சங்கத்தோடும் இணைந்து, 'ரெஸ்பிரா பெரு' என்ற பெயரில் நாடெங்கும் ஆக்சிஜன் வழங்கும் இயக்கத்தை நடத்தியது.

நம் திருஅவை செய்த இப்பணிக்காக நன்றி கூறுவோம். கூடவே ஒரு கேள்வியையும் கேட்போம். ஒரு நகரத்தின் மூச்சு, ஒரு குருவின் உண்டியலை நம்பி இருக்க வேண்டிய நிலை ஏன் வந்தது? ஆக்சிஜன் ஆலையை நோய் வரும் முன்பே கட்டியிருக்க வேண்டும். இரக்கச் செயல் பெரியதுதான். ஆனால் அது நீதிக்கு மாற்றாகிவிடக் கூடாது.

ஏழ்மைக்கும் சாவுக்கும் உள்ள இந்த நெருக்கம் புதிதல்ல. 1918இல் பம்பாய் நகரில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, ஐரோப்பியர்களில் ஆயிரத்துக்கு 8.3 பேர் காய்ச்சலால் இறந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களில் ஆயிரத்துக்கு 61.6 பேர் இறந்தார்கள். ஒரே நகரம், ஒரே மாதங்கள். ஆனால் இறப்பு ஏழு மடங்கு! நோய்க்குச் சாதி தெரியாது. ஆனால் சாதி எந்தத் தெருவில் யாரைக் குடிவைத்ததோ, அந்தத் தெரு நோய்க்குத் தெரிந்திருந்தது.

எண்ணப்படாதவர்கள்

இதுவரை நாம் சொன்ன எண்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இறப்பு குறைவாகத் தெரியும் இடத்தில் சாவு குறைவு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. எண்ணுவது குறைவாகவும் இருக்கலாம்.

2021 மே 31 அன்று பெரு அரசு தன் கணக்கைத் தானே திருத்தியது. அதுவரை 69,342 என்று சொல்லப்பட்ட இறப்புகள், ஒரே நாளில் 180,764 ஆயின. அந்தத் திருத்தத்தால்தான் பெரு, மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே அதிகம் இழந்த நாடாக வெளிப்பட்டது. அவமானத்துக்கு அஞ்சாமல் உண்மையைச் சொன்ன அந்தச் செயலை மதிக்க வேண்டும்.

நம் நாட்டில் கேரளத்தைப் பாருங்கள். 2021 ஜூலை இறுதியில் நாட்டின் அன்றாடப் புதிய தொற்றுகளில் பாதியளவு அங்கிருந்தே வந்தன. "கேரளம் தோற்றுவிட்டது" என்று பலர் ஏளனம் செய்தார்கள். ஆனால் அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய இரத்தப் பரிசோதனை ஆய்வில், தொற்றினாலோ தடுப்பூசியாலோ எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தோர் மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கு 79 பேர், தமிழ்நாட்டில் 69 பேர், கேரளத்தில் 44 பேர் மட்டுமே. அதாவது, கேரளத்தில் நோய் மெதுவாகப் பரவியது. பரவியதைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதனால் எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தது. அந்தக் கேரளமும் பின்னர், விடுபட்டுப்போன ஆயிரக்கணக்கான இறப்புகளைத் தன் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது.

2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் உலகெங்கும் வழக்கத்துக்கு மேலாக ஏறக்குறைய ஒரு கோடியே 49 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. நாடுகள் அறிவித்ததோ 54 இலட்சம். இந்தியாவுக்கு அது சொன்ன மதிப்பீடு 47 இலட்சம். அரசின் கணக்கு 4 இலட்சத்து 81 ஆயிரம். அந்தக் கணக்கீட்டு முறையை நம் அரசு ஏற்கவில்லை. அந்த விவாதம் அறிஞர்களுடையது. ஆனால் நம் பதிவேடும் ஒரு சிறிய சாட்சி. அந்தப் பக்கங்களில் 'காரணம்' என்ற இடத்தில் "காய்ச்சல்", "மூச்சுத்திணறல்", "மாரடைப்பு" என்றெல்லாம் எழுதியிருக்கிறது. பரிசோதனை செய்யாமலே இறந்தவர்கள் பலர்.

இது வெறும் கணக்கு அல்ல. கொரோனாவால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்குவதற்கான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஏற்றது. ஆனால் தொற்றுக்கான சான்று கையில் இல்லாத கைம்பெண், அந்த உதவிக்காக அலுவலகப் படிகளில் ஏறி இறங்க வேண்டியதாயிற்று. எண்ணப்படாத இறந்தவரால், இருப்பவரும் எண்ணப்படாமல் போகிறார்.

ஒரே படகு, வேறு வேறு இருக்கைகள்

2020 மார்ச் 27 மாலையில், மழையில் நனைந்த வெறிச்சோடிய புனித பேதுரு வளாகத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் தனியாக நின்று, புயலில் சிக்கிய நாம் அனைவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்பதை நினைவூட்டினார். அது உண்மை. ஆனால் அந்தப் படகில் சிலர் மேல்தளத்திலும் பலர் நீர் ஏறும் அடித்தளத்திலும் இருந்தார்கள்.

2021 ஜனவரி 18 அன்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் ஒரு கணக்கைச் சொன்னார். வசதியான நாடுகள் 49இல் மூன்று கோடியே 90 இலட்சம் தடுப்பூசிகள் போடப்பட்டிருந்தன. மிக ஏழை நாடுகளில் ஒன்றே ஒன்றில், 25 ஊசிகள் மட்டுமே போடப்பட்டிருந்தன. இலட்சமோ ஆயிரமோ அல்ல, வெறும் இருபத்தைந்து! தடுப்பூசிக் காப்புரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் கேட்டன. திருத்தந்தையும் 2021 மே மாதத்தில் அதற்கு ஆதரவாகப் பேசினார். உலக வணிக அமைப்பு ஓரளவு இணங்கியது 2022 ஜூனில்தான். 2025 மே 20 அன்று உலக நாடுகள் கொள்ளைநோய் ஒப்பந்தம் ஒன்றை ஏற்றுக்கொண்டது நல்ல செய்தி. ஆனால் நோய்க்கிருமி பற்றிய தகவலையும் அதிலிருந்து பிறக்கும் தடுப்பூசியையும் எப்படிப் பங்கிடுவது என்ற கடினமான பகுதியை அன்று முடிக்காமல், தனி இணைப்புக்கு விட்டுவைத்தார்கள்.

அந்தத் தாய்க்கு என்ன சொல்வோம்?

சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்துவிட்டார். உயிரோடிருப்பவர்களையே மனம் மாற அழைத்தார். எனவே, அதிகம் இறந்த தெருவை இறைவன் தண்டித்தார் என்று நாம் சொல்லக் கூடாது. குறைவாக இறந்த தெருவின் பக்தியால்தான் அது தப்பியது என்றும் சொல்லக் கூடாது.

இன்று அந்தத் தாயிடம் இப்படிச் சொல்வோம்: "அம்மா, உங்க தெருவுல ஒரே அறையில ஆறு பேர் படுக்கிறீங்க. குழாய் ஒண்ணுதான். காய்ச்சலோடயே வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும். மூச்சு முட்டினப்ப மூணு ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக் கிடந்தீங்க. நோய் எல்லாருக்கும் வந்துச்சு. ஆனா உங்க தெரு அதுக்கு முன்னாடியே தனியா விடப்பட்டிருந்துச்சு. அதுல எங்களுக்கும் பங்கு இருக்கு."

மனமாற்றம் என்பது இங்கே மிக எளிய செயல்களில் தொடங்க முடியும். நம் ஒவ்வோர் அன்பியத்திலும் தனியே வாழும் முதியோர் யார், படுக்கையில் இருப்போர் யார் என்ற பட்டியல் இருக்கிறதா? நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் வசதி உண்டா, செவிலியர் இடங்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்று கிராம சபைக் கூட்டத்தில் யாராவது கேட்டோமா? குழந்தைகளுக்கான தடுப்பூசிகளைத் தவறாமல் போடுகிறோமா, அல்லது கைப்பேசியில் வரும் வதந்திகளை நம்பி விட்டுவிடுகிறோமா? இறப்பை உரிய காலத்தில், உரிய காரணத்தோடு பதிவு செய்யத் தெரியாத குடும்பங்களுக்குத் துணை போகிறோமா?

சமோவாவின் கதைக்கு ஒரு பிற்பகுதி உண்டு. 2019இல் அங்கே தடுப்பூசி போடுவது குறைந்துபோன நிலையில் தட்டம்மை புகுந்து 83 உயிர்களைப் பறித்தது. பெரும்பாலானவை பச்சிளம் பிஞ்சுகள். அடுத்த ஆண்டு கொரோனா வந்தபோது, அடிபட்ட அந்நாடு தன் எல்லைகளை விரைந்து மூடியது, தடுப்பூசிக்காகக் காத்திருந்தது. நோய் ஊருக்குள் பரவத் தொடங்கியது 2022 மார்ச் மாதத்தில்தான். அதற்குள் வயது வந்தோரில் மிகப் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டிருந்தார்கள். 1918இல் ஐந்தில் ஒருவரை இழந்த மண், இம்முறை சில பத்து உயிர்களோடு தப்பியது. இறந்தோரை நினைவுகூர்வதன் பயன் இதுவே.

இந்த நவம்பரில் கல்லறைகளுக்கு மாலையும் மெழுகுதிரியும் கொண்டுசெல்லும்போது, 2021இல் நம்மைப் பிரிந்தவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசிப்போம். காரணம் எழுதப்படாதவர்களையும் சேர்த்தே வாசிப்போம். வாசித்துவிட்டு, அவர்கள் வாழ்ந்த தெருவுக்கும் ஒருமுறை போய் வருவோம்.